பாயின் சைகோன் விமானம்

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது என்பது செஞ்சியில் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். எண்பதுகளின் நடுவில் அது. திருவண்ணாமலை ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி எங்களுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. முன்னால் கடை, நடுவில் ஒரு துணித் திரை, பின்னால் அடுப்படி. வாசலை ஒட்டிப் போட்ட மேசையில் அவர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. இடது கண்ணுக்கு முள் எது, நூல் எது என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், கத்தி வைத்தால் இருக்கிறதும் போய்விடும் என்பார். வருகிறவர்களின் வாட்சை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வாப்பா" என்பார். அவர்கள் தலை மறைந்ததும் அது திரைக்குப் பின்னால் வந்துவிடும்.

வேலை செய்தது நான். அடுப்படிக் கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி வழியாக விழுகிற வெளிச்சத்தில் செய்தேன். வெளிச்சம் நகர நகர நானும் பலகையை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். குழம்பு கொதிக்கும் புகையில் கண் எரியும். யாரும் எனக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அனந்தபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், ஓடாத அலாரம் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். திரும்ப மாட்டினேன், ஓடியது. அதற்குக் கிடைத்த பாராட்டு, "இன்னொரு தரம் தொட்டன்னா கைய ஒடிச்சிடுவேன்." பிறகு கண் போனது, அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மேசை. ஆண்டவன் சும்மா கொடுக்கிற வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவே. கேட்டால், "பொம்பள வாட்ச் பாக்கறான்னு தெரிஞ்சா ஒருத்தன் வருவானா மே?" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை நான் அந்த வீட்டில்தான் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு நல்ல கோடையில் வந்தது. மலைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் ஊர் மேல் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொட்டும். அப்படி ஒரு காலையில் ஜவுளிக்கடை பாய் ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி இருந்தது. பெரிய மனுஷர், எங்கள் பழைய வாடிக்கை. துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு தகர விமானம், அவர் அப்பா காலத்துச் சாவி பொம்மை. முழங்கை நீளம், வெள்ளிப் பூச்சு, சிவப்புக் கோடு, இரண்டு இறக்கையிலும் காற்றாடி. ஜன்னல் ஜன்னலாக மனிதர்களின் முகங்கள் அச்சடித்திருந்தன. மூக்கடியில் கண்ணாடி மாதிரி சிவப்பு மைகாத் தகடு வைத்த ஒரு சின்ன ஓட்டை.

"எங்க அத்தா சைகோன்ல யாவாரம் பண்ணப்ப கொண்டாந்தது தம்பி. சாவி குடுத்தா தரையில ஓடும். ரெண்டு காத்தாடியும் சுத்தும். மூக்குல நெருப்புப் பொறி பறக்கும். பெருநா அன்னிக்கு அத்தா தெருவுல உடுவாரு, ஊரே கூடும். அவரு மவுத்தானதுலேர்ந்து நின்னு போச்சு. இந்தப் பெருநாளைக்கு ஓடணும்."

திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது. வாட்ச் என்றால் எல்லாம் ஒன்றுதான். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் காதில் வைத்துக் கேட்டார், ஓடாத பொருளை. "வச்சிட்டுப் போங்க பாய். நாலு நாள் கழிச்சி வாங்க" என்றார்.

"வச்சிட்டா? அதெல்லாம் ஆவாது தம்பி. நான் இங்கயே குந்திக்கறேன். நீ என் கண்ணெதிர பாரு."

எங்கள் பக்கத்தில் வாட்ச் கொடுக்கிற ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு. ரிப்பேர்காரன் உள்ளே இருக்கிற அசலை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டைப் போட்டுவிடுவான் என்று பயம். சாதா வாட்சுக்கே சிலர் பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அவர்களை எப்படியோ சமாளித்துவிடுவோம். "பெட்ரோல்ல ஊறணும்" என்று ஒரு பொய், "டீ சாப்ட்டு வாங்க" என்று இன்னொரு பொய். பாய் விஷயத்தில் ஒன்றும் பலிக்கவில்லை. நோன்பு வைத்த மனுஷரை டீ சாப்பிட எப்படி அனுப்புவது? சாப்பாட்டுக்கும் போகமாட்டார். தொழுகைக்குப் போவார்; போகும்போது விமானத்தையும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார், ராத்திரி வீட்டுக்கும் அப்படியே. பள்ளிவாசலுக்கு விமானத்தோடு போய்வந்த ஒரே மனுஷர் அவராகத்தான் இருக்கும்.

அவர் எதிரில் சாப்பிடக் கூடாது என்று இவரும் பட்டினி.  பசியோடு கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு விமானத்தைத் தடவுவார், திருப்புவார், "ம்ம்" என்பார். சாவி துவாரத்தில் எண்ணெய் மெழுகாக உறைந்திருந்தது. பாய் பெருமையாகச் சொன்னார்: "வருஷா வருஷம் தேங்கா எண்ண ஊத்திதான் வச்சிருக்கேன், துரு புடிக்காம." தலைக்கு வைக்கிற எண்ணெயை மெஷினுக்கு ஊற்றினால் அது பிசினாகத்தான் போகும். திரைக்குப் பின்னால் நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவர் "நல்ல வேல செஞ்சீங்க பாய்" என்றார்.

இப்படியே நாள் போனது. ஒரு ராத்திரி இவரிடம் கேட்டேன், "அடியில எப்படிப் பூட்டியிருக்குது? ஸ்குரூவா, ஆணியா?" "தெரியலமே." "தடவிப் பாத்தியேய்யா!" "நாக்கு நாக்கா இன்னாமோ இருக்குது." அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தகரத்தின் நாக்கை இன்னொரு தகரத்தின் துளையில் நுழைத்து மடக்கி வைத்திருக்கிறார்கள். பழைய தகரம். மெதுவாக, ஒரே தடவை நிமிர்த்தினால் தாங்கும். மறுபடி மடக்கும்போது கடவுள் விட்ட வழி. முரட்டுத்தனமாக நெம்பினால் முருங்கைக் கிளை மாதிரி ஒடிந்துவிடும். "நாளைக்கு அதத் தொடாதய்யா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு. என்கிட்ட வர்ற மாதிரி ஏதாச்சும் வழி பண்ணு" என்றேன். "பண்றேன் பண்றேன்" என்றார்.

மறுநாள் பாய் பொறுமை இழந்துவிட்டார். "இன்னா தம்பி, தடவிகினே இருக்கிற. பெருநா வந்துடும் போலருக்குதே." இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எண்ண போட்டுப் போட்டு இறுகிப் போச்சு பாய், அதான்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். திருப்புளியை எடுத்து வயிற்றுக்கடியில் குத்தி நெம்பினார். நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். இவர் அடுத்த நாக்குக்குத் திருப்புளியைக் கொண்டுபோவது இடுக்கு வழியாகத் தெரிந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஈரக் கையோடு, இடுப்பில் செருகிய முந்தானையோடு, "கீழ வையிய்யா! கண்ணு தெரியலன்னா கைய வச்சிகினு சும்மா இருக்க மாட்ட?" என்று கத்திவிட்டேன். விமானத்தை அவர் கையிலிருந்து பிடுங்கியே விட்டேன்.

 பாய் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. "அதுக்குக் கொஞ்சம் பழக்கி வச்சிருக்கேன் பாய். கூடமாட ஒத்தாசைக்கு. சின்ன வேலைக்குப் பொம்பளக் கை தோது. நான் சொல்லச் சொல்ல அது செய்யும்."

கண் தெரியவில்லை என்று நான் கத்தியதை, கோபத்தில் பெண்டாட்டி சொல்கிற வசவாக பாய் எடுத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் கையில் விமானம் இருந்தது, வாசலில் வெயில் இருந்தது. இவர் எழுந்து கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த வெளிச்சத்தில் நாக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! ஒடிந்தது ஒன்றுதான். மற்றவற்றை மூச்சை அடக்கிக்கொண்டு, மழுங்கிய கத்தி முனையால் மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். இவர் பின்னால் நின்றுகொண்டு, "மெதுவா... ஆங்... அப்பிடித்தான்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாமலேயே. ஒரு கட்டத்தில் திருப்புளியை அவர் மேலேயே எறியலாமா என்று தோன்றியது.

திறந்தால் உள்ளே ஒரே மஞ்சள் பிசின். சக்கரங்களை எடுத்துப் பெட்ரோலில் போட்டேன். வெளித் தகரத்தில் பெட்ரோல் பட்டால் அச்சு மங்கிவிடும் என்று பயம். அதனால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒவ்வொரு முகமாகத் துடைத்தேன். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி அழுக்கிலிருந்து வெளியே வந்தாள். "எங்க அக்கா இவளுக்கு ஒரு பேரு வச்சிருந்தது" என்று பாய் குழந்தை மாதிரி சிரித்தார். நான் கழற்றிய ஒவ்வொன்றையும் அவர் ஒரு கைக்குட்டையில் வாங்கி வைத்துக்கொண்டார். ஒடிந்த நாக்கைக்கூட விடவில்லை, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்பிரிங்கின் கொக்கி ஒடிந்திருந்தது. அதனால்தான் சாவி கொடுத்தால் பிடிக்காமல் வழுக்கியது. நுனியை நெருப்பில் சிவக்கக் காட்டினால் இளகும், புதுக் கொக்கி வளைக்கலாம். அதற்கு அடுப்பு வேண்டும். நான் ஸ்பிரிங்கோடு அடுப்படிக்குப் போனால் பாயும் பின்னாலேயே வந்துவிட்டார். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைய அவருக்குக் கூச்சம். ஸ்பிரிங்கை விட்டுப் பிரியவும் மனசில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாத்த மாட்டேன் பாய், இந்த ஸ்பிரிங்குக்கு மாத்து இந்த ஊர்லயே கெடையாது" என்றேன். "உன் மேல சந்தேகம் இல்லம்மா" என்றார். நகரவில்லை.

ஒடிந்த நாக்குக்குப் பால் மாவு டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்பக்கமாக ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். "அது அசல் இல்லியே" என்று பாய் ஆரம்பித்தார். "அசல் உங்க பையில இருக்குது பாய். வேணும்னா அதயே ஒட்டிகினு ஓட்டுங்க" என்றேன். அவர் சட்டைப்பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூக்கில் பொறி பறக்க லைட்டர் கல் ஒன்று பெட்டிக்கடையிலிருந்து அவரே வாங்கி வந்தார், விமானம் பிரிந்து கிடந்ததால் தூக்கிக்கொண்டு போக முடியாமல், தெருவைக் கடக்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

எல்லாம் பூட்டினேன். நாக்குகள் மடங்கின, ஒன்றும் ஒடியவில்லை. சாவி கொடுத்துத் தரையில் விட்டேன். ஒரு முழம் ஓடி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மேசைக் காலில் முட்டி நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி முட்டியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே கோளாறு என்றால் திரும்பத் திறக்க வேண்டும். திறந்தால் நாக்கு தாங்காது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடுமே. இவர் பின்னாலிருந்து, "நான் சொன்னமாரி செஞ்சியா?" என்று கேட்டார். பாய் இல்லாவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கொலை விழுந்திருக்கும்.

விமானத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, படுத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி அடியிலிருந்து பார்த்தேன். முன் சக்கரத்தண்டில் ஒரு ஈயக் கட்டி. யாரோ எப்போதோ உடைந்த தண்டைக் குடத்துக்குப் பூசுகிற மாதிரி பூசி வைத்திருக்கிறார்கள். அதனால் சக்கரம் கோணி நின்றது. "குடம் அடைக்க வந்தவன்கிட்ட அத்தா குடுத்தாரு" என்று பாய் ஒப்புக்கொண்டார். சுற்றிலும் ஈரத் துணியைப் போர்த்தி, பூச்சு வெந்துபோகாமல், சுட்ட கம்பியால் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி வழித்தேன். தண்டை நேராக்கி, பொட்டளவு ஈயம் வைத்தேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோணல் என் கண்ணிலேயே பட்டிருக்காது. அதை நினைத்ததும் ஆத்திரம் இன்னும் அதிகமானது.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ரோடெல்லாம் மஞ்சள் சேலைக் கூட்டம். இனி பிறை தெரிய வேண்டியதுதான், பாய்க்குப் பெருநாள். மத்தியானம் கடைத் தரையில் விமானத்தை விட்டேன். கிர்ரென்று ஓடியது. இரண்டு காற்றாடியும் சுற்ற, மூக்கில் சிவப்பாகப் பொறி தெறிக்க, நேராக வாசல் வரை போனது. பாய் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

பாய் நிமிர்ந்து, என்னைத் தாண்டி, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட ஆளு தம்பி நீ! பொம்பளைய இப்பிடிப் பழக்கி வச்சிருக்கியே!"

நான் இவர் முகத்தையே பார்த்தேன். இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். "ஆமா பாய்" என்றார்.

"பொய்" என்றேன் நான். "எனக்கு யாரும் பழக்கல பாய். இவரு தொடாதன்னுதான் சொன்னாரு." பாய் கடகடவென்று சிரித்தார். "பாத்தியா தம்பி, கோவத்த! பெருநாளைக்குப் பிரியாணி அனுப்பறேன், அப்ப தணிஞ்சிடும்." விமானத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒரு துள்ளலோடு படியிறங்கிப் போனார். உண்மையைச் சொல்லியும் அது வேடிக்கையாகப் போய்விட்டது.

"இன்னாத்துக்குய்யா ஆமான்ன?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்றது? எனக்குக் கண்ணு தெரியாது, நான் சும்மா குந்திகினு இருக்கறேன்னா?"

"ஆமா, அதத்தான்."

"நீயே சொல்லிக்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஸ்டூலை விட்டு எழவில்லை.

ஸ்பெஷல் பஸ் ஒன்று நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன் நின்றுபோன வாட்சோடு வந்தான். "இன்னாண்ண, பஸ் கெளம்பறதுக்குள்ள பாத்துடுவீங்களா?" என்று இவரிடம் நீட்டினான்.

"இங்க குடு. நான்தான் பாக்கறேன். அவருக்குக் கண்ணு தெரியாது" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பொம்பளைகிட்ட குடுத்துட்டு அப்புறம் இதுல மணி பாக்கறதா, கோலம் போடறதா?" என்று சிரித்தபடி வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். "பாத்தியா, நான் சொன்னேனே" என்று இவர் சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. அவன் போன திசையில், ஒன்றும் தெரியாத கண்ணோடு, பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்து ஒரு பெரியவர் வந்தார், கையில் ஒரு பழைய வாட்ச். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார்.

"எனக்குக் கண்ணு போயிடுச்சிங்க. ரொம்ப நாளாவே இது கையாலதான் இந்தக் கடை நடக்குது. நான் கத்துக் குடுக்கல, அதுவா கத்துகிச்சி. குடுக்கறதுன்னா அதுகிட்ட குடுங்க."

 பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "திரும்பி வர்றப்ப பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவரும் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து வாசலில் நின்று, அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன், "போங்க, போங்க! ஊரெல்லாம் சுத்திட்டு இங்கதான வரணும்! இவரு மாரி உண்மைய சொல்ற ஆளு எந்தக் கடையில இருக்கான்னு பாத்துட்டு வாங்க!"

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுவதும் எங்கள் கடையைத் திரும்பிப் பார்த்தது. இவர் என் தோளைத் தேடித் தொட்டு, "உள்ள வாமே, போதும்" என்றார். நான் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன்.